அடியிலேயே இருந்துவிட்ட குளவிகள்

மகளே,

வழக்கமாக உனக்கு எதை எழுதினாலும் மேலே ‘ஸ்தோத்திரம்’ என்று போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். இன்றைக்கு அதைப் போடக் கை வரவில்லை. கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தடவை வாசித்தாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரர் வந்து பாத்திரக் கணக்கு கேட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் அம்மா போனில் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். நீ “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டதுமே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். எழுதினால் நடுவில் நிறுத்த முடியாது என்று எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். தங்கபாய் அக்காவின் தோப்புக்கு நீ கொண்டுபோன குளவிகள் வெயிலில் வைத்ததால் வீணாகவில்லை. நீ எட்டு வருஷமாக உன் பிழை என்று சுமந்துகொண்டிருக்கிற அது உன் பிழையே இல்லை. என்னுடையது. அதைவிட மோசம், அது என் பிழை என்று இரண்டே மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இனி எப்படி என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே கோவை வராது.

நம் வீட்டுப் பின்னால் இருக்கிற அந்த ஓட்டு அறையை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். செருப்போடு ஒருத்தரையும் உள்ளே விட்டதில்லை. அலமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சட்டி, எறும்பு ஏறாமல். அந்துப்பூச்சிப் புழு வளர்க்கிற கம்பு நொய்யைச் சூடு காட்டி ஆறவைக்காமல் ஒரு பேசினில் கொட்டியதில்லை. அந்தப் புழுவைத் தின்று வளர்கிற நம்முடைய குளவி, எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது, தென்னையைக் கருக்குகிற கருந்தலைப்புழுவைத் தேடிப்போய்க் கொட்டி, அதன் மேலேயே முட்டையிட்டுக் காவல் இருக்கிற குளவி, அதை நான் ஒரு கண்ணாடிக் குழாய்க்கு ஒன்றாகத் தேன் தொட்டுவைத்து வளர்த்தேன். விவசாய ஆபீஸில் இருந்து வந்த ஒருவர் பார்த்துவிட்டு, “ஓய், ஆஸ்பத்திரி இவ்வளவு சுத்தமா இருந்தா கொள்ளாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையை ஒரு வருஷம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

தரம் என்றால் எனக்கு அதுதான். சுத்தம், எண்ணிக்கை, பெண் குளவி அதிகமாக இருக்கிறதா, ஊனம் இல்லாமல் இருக்கிறதா. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், எண்ணுவேன், மூடுவேன். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று சொன்னது நீ. வேளாண்மைப் படிப்பை முடித்து வந்து வீட்டில் இருந்த அந்த ஆறு மாதம். உன் மாமா துபாயில் இருந்து மிக்ஸி அனுப்பிய அட்டைப்பெட்டியை எடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, மூடியில் ஓர் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் குப்புறச் செருகினாய். பெட்டிக்குள் குளவிகளைத் திறந்துவிட்டு மூடி, மறுநாள் பார்த்தாய். வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறியவை எத்தனை, இருட்டில் அடியிலேயே கிடந்தவை எத்தனை என்று நோட்டில் எழுதினாய். பாதிக்கு மேல் அடியில் கிடந்தன.

“அப்பா, எண்ணிக்கை எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது எழும்ப மாட்டேங்குதே. தோப்புல போய் எப்படித் தேடும்?” என்று கேட்டாய்.

“ஏட்டி, பூச்சிக்குப் பரீட்சை வச்சு மார்க்கு போடப் போறியா? நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து அப்பனுக்குப் பாடம் எடுக்காத. உனக்க பெட்டிதான் தப்பு. ஓட்டை சின்னது” என்றேன்.

நீ ஓட்டையைப் பெரிதாக்கித் திரும்பவும் வைத்துப் பார்த்தாய். அதே கணக்குதான் வந்தது. அதையும் எழுதி, நான் பார்க்கட்டும் என்று நோட்டை விரித்தே வைத்துவிட்டுப் போனாய். நான் மூடிவைத்தேன். நீ விடாமல் திரும்பச் செய்து பார்த்தது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது, பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் எழும்பவில்லை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. தாய்க்குளவி எடுக்கும்போது நான் என்ன செய்வேன் என்று ஞாபகம் இருக்கிறதா? குழாயின் பஞ்சை எடுத்ததும் சில குளவிகள் விருட்டென்று கிளம்பி ஜன்னல் கண்ணாடிக்குப் போய்விடும். அதை ஆர் துரத்திப் பிடிப்பார்கள்? விட்டுவிடுவேன். காலையில் ஜன்னல் திண்டில் செத்துக் கிடப்பதைத் துடைப்பத்தால் தள்ளுவேன். பஞ்சை எடுத்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் ‘நல்ல சாதுப் பூச்சி’ என்று சொல்லி அடுத்த தலைமுறைக்குத் தாயாக வைப்பேன். வேலைக்குச் சுகம். ஒரு வருஷம் இல்லை, நாலைந்து வருஷம் இதே வேலை. பறக்கத் தெரிந்தவற்றை எல்லாம் என் கையாலேயே பெருக்கித் தள்ளிவிட்டு, உட்கார்ந்திருக்கத் தெரிந்தவற்றை மட்டும் பெருக்கியிருக்கிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் புழுவை வாயருகே கொண்டுவந்து வைத்துப் பழக்கிவிட்டு, நாற்பது அடித் தென்னையில் போய்த் தேடித் தின் என்றால் அது என்ன செய்யும்? அதில் கிருமி இல்லை, பேன் இல்லை, ஊனம் இல்லை. பார்வைக்கு ஒன்றாம் நம்பர். அதுதான் ஆபத்து என்று தெரியாமல் போய்விட்டது எனக்கு.

அந்த நாளுக்கு வருகிறேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதனால் தங்கபாய் அக்காவின் தோப்புக்கு உன்னை ஸ்கூட்டரில் அனுப்பினேன். ஈரத்துணி சுற்றிய குழாய்கள், பை நிறைய. வழியில் நாகர்கோவிலில், மேல்படிப்புக்கான சர்டிபிகேட் நகலில் கையெழுத்து வாங்க அரைமணி நேரம் நின்றாய். பை ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கியது. தோப்புக்குப் போய் மரம் மரமாகத் தூரில் குழாயைத் திறந்து பிடித்தபோது, குளவிகள் வெளியே வந்து கொஞ்சதூரம் ஊர்ந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டன. நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒருத்தரும் கேட்காமலே, “அப்பா, வழியில அரை மணிக்கூர் நின்னுட்டேன். பை வெயில்ல தொங்குச்சு. எனக்குப் பயமா இருக்கு” என்று சொன்னாய்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீ சொன்னாய். அந்த வார்த்தையை எடுத்து நான் உன் கழுத்திலேயே மாட்டினேன்.

ஆறேழு வாரம் கழித்து அக்காவின் மகன் வந்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டானே, “ஓய், நீரு தந்த பூச்சி எங்க வேய் போச்சு? ஓலை முழுக்கத் தீ வச்ச மாதிரிக் கருகிக் கெடக்கு. அம்மைக்கு அந்த அறுபது மூடு தென்னையை விட்டா வேற என்ன இருக்கு?” என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கன்னத்தில் அறை வாங்கியதுபோல ஆகிவிட்டது எனக்கு. “எனக்க பூச்சியில ஒரு குறையும் கிடையாது. பிள்ளை வழியில வெயில்ல வச்சிட்டா. கவனம் போதாது” என்று சொன்னேன். நீ அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ வெளியே வந்து அவனிடம் கைகூப்பி, “அண்ணா, என் பிழைதான், மன்னிச்சிருங்க” என்று சொன்னபோது உன் குரல் உடைந்தது. அவன்கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி நீ ஒரு தடவை கேட்டாய், “அப்பா, ஒருவேளை பெட்டியில வந்த கணக்கு சரியா இருக்குமோ?” என்று. அந்த இடத்தில்தான் நான் பெரிய பொய் சொன்னேன். “மத்த ஏழு தோப்புக்கும் இதே பூச்சிதான் போச்சு. அங்கெல்லாம் நல்லா வேலை செய்யுது” என்றேன். மகளே, அந்த ஏழு தோப்பில் ஒன்றில்கூட நான் காலெடுத்து வைத்துப் பார்த்திருக்கவில்லை. நீ என்னை நம்பினாய். பெட்டியை நம்பாமல் என்னை நம்பினாய்.

அடுத்த வாரம் நீ ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், பரணில் இருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். அதே தாய்களின் அடுத்த தலைமுறைக் குளவிகள், அறையை விட்டு வெளியே போகாதவை, வெயில் என்றால் என்னவென்றே தெரியாதவை. திறந்துவிட்டு மூடினேன். மறுநாள் பார்த்தால் அடியிலேயே கிடக்கின்றன. இன்னொரு தொகுதியை விட்டேன். அதுவும் அடியில். பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஏழு தோப்புக்கும் போனேன். இரண்டில் ஓலை கருகியிருந்தது. ஒருவர் பொறுமை இல்லாமல் மருந்து அடித்துவிட்டார். மற்றவற்றில் புழுவே பெரிதாக இல்லை, மழை வந்து காப்பாற்றியிருந்தது. என் குளவி செய்த வேலை என்று எங்குமே ஒன்றும் இல்லை.

அன்றைக்கே வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் வந்தேன். வீட்டு நடையில் ஏறும்போது, இது வெளியே தெரிந்தால் ஒரு தோப்புக்காரனும் இனி வாசலில் மிதிக்க மாட்டான் என்று ஒரு எண்ணம். முதலில் பூச்சியைச் சரிசெய்துவிடுவோம், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். முட்டத்துப் பக்கம் ஒரு பழைய தோப்பில் புழு விழுந்த ஓலைகளை வெட்டிக் கொண்டுவந்து, அதில் தானாக இருந்த காட்டுக் குளவிகளைப் பிடித்தேன். அப்பப்பா, என்ன ஓட்டம்! பஞ்சைத் தொட்டாலே முகத்தில் அடிக்கும். பழைய கூட்டத்தை முழுக்கக் கொதிநீரில் போட்டுவிட்டு, இவற்றை வைத்துப் புதிதாகத் தொடங்கினேன். உன் பெட்டியில் விட்டால் குழாய் கறுத்துப்போகும், அவ்வளவும் மேலே. ஓலை கருகிய அந்த இரண்டு தோப்புக்காரருக்கும் நானே போய்ப் புதுக்குளவி விட்டுக்கொடுத்தேன், காரணம் சொல்லாமல். தங்கபாய் அக்காவின் தோப்புக்கு மட்டும் போகவில்லை. அங்கே போக முகம் இல்லை.

அதற்குள் நீ மேல்படிப்புக்கு வந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாய். பூச்சியியல் என்றால் உயிரை விடுகிற பிள்ளை. “எனக்கு இது ஆவாதுப்பா. உயிரோட இருக்கிறத கையில ஒப்படைக்கக் கூடாது எனக்கிட்ட. பேங்கு பரீட்சை எழுதுதேன்” என்றாய். அந்த நேரத்தில் என் வாயில் இருந்து வந்தது, எப்போதும் உன்னைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, “உனக்க இஷ்டம் மக்களே” என்பது மட்டும்தான். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பிறகு ஈரோட்டில் பேங்கு வேலை கிடைத்து நீ துணிமணி எடுத்து அடுக்கியபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வருஷம் போகப்போக, மறந்திருப்பாள், நல்ல வேலையில் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஈரோட்டில் இருந்து கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் நீ அந்த அறை வாசலோடு நின்றுவிடுவாய். உள்ளே வா என்று கூப்பிட்டால், “வேண்டாம்ப்பா, நான் தொட்டா ஏதாவது ஆயிரும்” என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் கண்டுகொள்ளாததுபோல வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எட்டு கிறிஸ்துமஸ், மகளே.

போன சனிக்கிழமை கல்யாணக் கார்டு கொடுக்கப் போனேன். அம்மா எழுதிவைத்த லிஸ்டில் தங்கபாய் அக்காவின் பெயர் இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதே, அவள் பாட்டுக்கு எழுதிவிட்டாள். அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து இருக்கும், கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. காப்பி போட்டுக் கொடுத்தார். கார்டை வாங்குவதற்கு முன்னால், “அன்னைக்கு எனக்க மவன் முன்னால கும்பிட்டு அழுதாளே, அந்தப் பிள்ளைக்கா கல்யாணம்? பாவம். நல்ல பிள்ளை. செய்த பிழைய ஒத்துக்கிட்டா பாத்தியளா” என்றார்.

என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, சாதுப் பூச்சி, ஏழு தோப்பு, எல்லாம். அக்கா திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், “எனக்க தென்னை போனது போச்சு தம்பி. பாதி மரம் பொறவு தெளிஞ்சும் வந்துட்டு. இத அவகிட்டச் சொல்லியாச்சா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

“பொறவு எனக்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதீரு?” என்று கார்டைத் திரும்ப என் கையிலேயே வைத்தார். “இதக் கொண்டு போவும். பிள்ளைகிட்டச் சொல்லிட்டு வாரும். அப்பம் வாங்குதேன். கல்யாணத்துக்கும் வருவேன்.”

காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், கோயிலுக்குப் போகிறாள். நியாயம்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒருவன் இருந்துவிட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ஒன்றே ஒன்று. ஒரு சோதனை நமக்கு எதிராக வந்தால், கோபப்படுவதற்கு முன்னால் அதை எழுதிவிட வேண்டும். நீ எழுதினாய், நான் கோபப்பட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு தொகுதியும் உன் பெட்டியில் ஏறிய பிறகுதான் வெளியே போகிறது. மூலைகளில் டேப் ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பறப்பதைத் துரத்திப் பிடித்துத் தாயாக வைக்கிறேன். அறுபத்து மூன்று வயதில் ஸ்டூலில் ஏறி நின்று குளவி பிடிக்கிறேன், பார்த்தால் சிரிப்பாய். வருஷத்துக்கு இரண்டு தடவை தோப்பில் இருந்து புதுக்குளவி கொண்டுவந்து சேர்க்கிறேன். இதெல்லாம் நீ அன்றைக்கே சொன்னது. வாங்குகிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். இதுவரை நான் தலையாட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். இனி அதுவும் இல்லை. உன் பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பக்க நகல் வைத்திருக்கிறேன். ஒன்று உன் கையெழுத்தில் நீ எழுதிய கணக்கு, தோப்புக்குப் போவதற்கு முந்தைய வாரத்தியது. மற்றது என் கையெழுத்தில், பிறகு நான் ஒளித்துச் செய்தது. என் வார்த்தையை நம்ப வேண்டாம், அதை நம்பித்தான் நீ இவ்வளவும் இழந்தாய். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார். அதைப் படிக்க உனக்குத் தெரியும். நீ வழியில் நிற்காமல் நேரே தோப்புக்குப் போயிருந்தாலும் அவை அப்படியேதான் நின்றிருக்கும்.

கல்யாணம் முடியட்டும், சந்தோஷமான நேரத்தில் இதை எதற்குக் கிளற வேண்டும் என்றும் நினைத்துப் பார்த்தேன். நிச்சயத்தன்று உன் மாமியார் அந்த நகைப்பெட்டியை உன் கையில் தந்தபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஓர்மை இருக்காது. “அத்தே, எனக்குக் கவனம் கொஞ்சம் கம்மி. எத எனக்கிட்டத் தந்தாலும் நீங்க ஒருதடவை பாத்துக்கிடுங்க” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்ப் பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவினேன். அது நான் உன்னைப் பற்றி முற்றத்தில் நின்று சொன்ன வார்த்தை. அதை நீ வாங்கி வைத்துக்கொண்டு, உன் வாயாலேயே புதுவீட்டில் சொல்கிறாய்.

என்னை மன்னி என்று கேட்கவில்லை. அதை நீ நிதானமாக யோசித்துக்கொள், வருஷம் ஆனாலும் சரி. போன் எடுத்துத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்குக் கவனம் இல்லாத பெண்ணாக நீ போகக் கூடாது. நீ அப்படி இல்லை, மக்களே. ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

உன் அப்பா